43க்கு 8

எங்கள் வீட்டு ஜீப் அப்பா அரசு ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் வண்டி, மகிந்திரா சிஜே3பி. ஆர்.சி.யில் 1978 என்று இருக்கிறது. ஒரு வால்வு மேலேயும் ஒன்று பக்கத்திலும் உள்ள எஃப்-ஹெட் எஞ்சின் உயரமானது என்பதால், அமெரிக்காவில் இதை முதலில் செய்த வில்லிஸ்காரன் 1953இல் பானெட்டைத் தூக்கி வைத்தான். அதே முகத்தை மகிந்திரா பல வருடம் மாற்றாமல் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு ஒரே வேலை, காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோப்பிலிருந்து பெங்களூரா மாங்காயை ரோட்டுக்கு இறக்குவது.

போன சீசனில் பேராசைப்பட்டு கூடுதலாக ஏழெட்டு கிரேட் ஏற்றிவிட்டு, மேட்டில் கிளட்சை வெடுக்கென்று விட்டேன். பின்னால் ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. ஃபோர் வீல் போட்டு முன் சக்கரத்தின் தயவில் வீடு வந்து சேர்ந்தேன். மேஸ்திரி பின் ஆக்ஸிலின் மூடியைக் கழற்றினால் ஆயிலோடு பற்கள் வந்து விழுகின்றன. எஞ்சின் ஷாஃப்ட் வந்து சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றும் பெரியது கிரவுன். பினியனில் மூன்று பல் இல்லை.

"கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் வாங்கணும் தம்பி, தனித்தனியா வாங்கிடாத" என்றார். இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கித்தான் கம்பெனியில் அனுப்புவார்கள். இரண்டிலும் ஒரே நம்பர் பொறித்திருக்கும். ஜோடி மாறினால் ஊளையிடும், சீக்கிரம் போய்விடும்.

தேடல் சென்னை புதுப்பேட்டையில் தொடங்கியது. அங்கே ஒரு கடையில் கதவு மட்டும், இன்னொன்றில் கியர்பாக்ஸ் மட்டும் என்று பிரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். நேற்றைய கார்களுக்கு அது சொர்க்கம். பழைய ஜீப் என்றதும் ஒருவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் சீல், பேரிங், இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடு எல்லாம் புதிதாகவே கிடைத்தன. கியர் செட் இல்லை.

அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறொரு ஊர்க் கடையில் போனிலேயே பேசி, போட்டோ பார்த்து, கிரவுனும் பினியனும் சேர்ந்த டிஃபரன்ஷியல் செட் ஒன்றைப் பார்சலில் வரவழைத்தேன். "ஜீப் சாமான்தானே?" என்று கேட்டேன். "ஜீப்தான் சார்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேஸ்திரி ஆக்ஸில் ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பல்லை, அதாவது ஸ்ப்ளைனை, எண்ணினார். பத்துப் பல்லும் உண்டு, பத்தொன்பது பல்லும் உண்டு. எங்களுடையது பத்தொன்பது, வந்ததும் பத்தொன்பது. பேரிங் சரியாக உட்கார்ந்தது. நீலம் தடவிப் பல் படிகிறதா என்று பார்த்து, ஷிம் வைத்து, 90 நம்பர் ஆயில் ஊற்றி மூடிவிட்டோம். கிரவுனின் பல்லை மட்டும் யாரும் எண்ணவில்லை.

முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹைவேயில் எஞ்சின் முன்பைவிட அமைதியாக ஓடியது. ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது கூட வந்த மச்சானின் பைக் 55 காட்டியது. அவன் மீட்டர் பழுது என்று கிண்டல் வேறு செய்தேன்.

தோப்பு மேட்டில் ஃபோர் வீல் போட்ட அன்று விஷயம் வெளியே வந்தது. மண்ணில் ஏறியது. திரும்பும்போது தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டி பிடித்து இழுத்தது, டயர் கீச்சிட்டது, ஃபோர் வீல் லீவர் இரண்டு கையால் இழுத்தும் வெளியே வரவில்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் கழன்றது. மேஸ்திரி மறுபடி மூடியைத் திறந்து, ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினார். கிரவுனில் 39, பினியனில் 8. முன் ஆக்ஸிலில் 43க்கு 8. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் முன்னால் 5.38 சுற்று, பின்னால் 4.88 சுற்று சுற்ற வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றைப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். அதிலிருந்து இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போது பின் சக்கரம் பத்து சதவீதம் வேகமாக ஓடப் பார்க்கிறது, முன் சக்கரம் விடமாட்டேன் என்கிறது. மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழியில்லை. மச்சானின் மீட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நான் போன இடத்திலெல்லாம் "ஜீப்" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். உடைந்த பினியன் பையில், அளவெடுக்கும் வெர்னியர் சட்டைப்பையில். "43க்கு 8 இருக்கா?" அவ்வளவுதான் கேள்வி. டிரான்ஸ்பர் கேஸின் நடு ஷாஃப்டிலும் இதே கதை. முக்கால் இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச், நடுவில் ஒன்றும் அரைக்காலும் என மூன்று அளவு உண்டு, மூன்றும் ஜீப்தான்.

கிடைத்தது கடையில் இல்லை. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம் ஒன்றில் டிராக்டருக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் டிரெய்லர் நின்றது. அடியில் பார்த்தால் ஜீப்பின் பின் ஆக்ஸில், நடுவில் கியர் இருக்கும் உருண்டையோடு அப்படியே! உள்ளே இருப்பதைக் கழற்ற யாரும் மெனக்கெடவில்லை. பல வருடமாகப் பாரம் இழுக்காமல் பினியன் சும்மா சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

தோட்டக்கார அண்ணனிடம் கேட்டேன். "அதுல என்னங்க இருக்கு?" என்றவர், நான் தரையில் படுத்ததும் ஆர்வமாகிவிட்டார். இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். இரண்டு டயரிலும், பினியன் முனையில் வெளியே தெரியும் தட்டான ஃபிளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, நானும் அவரும் ஆளுக்கொரு டயரைச் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்றினோம். அவர் மகன் ஃபிளாஞ்சை எண்ணினான். ஐந்தைத் தாண்டினால் எங்களுடையது, ஐந்துக்குள் நின்றால் மறுபடி அந்த 39. "அஞ்சு... அஞ்சு தாண்டி கொஞ்சம் போச்சுண்ணா!" அந்தப் பையனுக்கு அங்கேயே நூறு ரூபாய் கொடுத்தேன்.

அவருக்குத் தண்ணீர் வண்டி ஓட வேண்டும், கியர் தேவையில்லை. எங்கள் ஜீப்பின் பின் ஆக்ஸிலைக் கிரவுன், பினியன் இல்லாமல் அவருக்குக் கொடுத்தோம், மேலே 6,000 ரூபாய். அவருடைய ஆக்ஸில் முழுசாக எங்களுக்கு. சக்கரம் பூட்டும் ஹப், கூம்பு ஷாஃப்டில் சாவி போட்டு இறுக்கிய வகை, சுத்தியலுக்கு அசையாது. கிருஷ்ணகிரி லேத்துப் பட்டறையில் ஒரு புல்லர் செய்து வாங்கிக் கழற்றினோம். பிரேக் டிரம்மைக் கடைந்து, சீல் மாற்றி, பூட்டி, தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுப் பார்த்தேன். நேர் ரோட்டில் பத்தடி ஓட்டியதும் லீவர் ஒற்றை விரலுக்கு வந்தது.

மற்றதெல்லாம் சுலபம். கான்வாஸ் கூரையை டார்பாலின் தைப்பவரே தைத்துவிட்டார். ஜெர்ரிகேன், கொக்கி எல்லாம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. ஒருவர் 'எஃப்' எழுத்து அடித்த போல்ட்டைக் காட்டி, இரண்டாம் உலகப் போர் ஃபோர்டு ஜீப்பினுடையது என்று ஒன்றுக்கு ஐந்நூறு கேட்டார். ஃபோர்டு அப்படி அடித்தது உண்மைதான். ஆனால் அந்த எழுத்தின் பள்ளத்தில் துரு இல்லை, பளபளவென்று இருந்தது.

அந்த 39க்கு 8 செட் இன்னும் எங்கள் திண்ணையில் கிடக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். வேண்டுகிறவர்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் உங்கள் முன் ஆக்ஸிலை ஜாக்கி வைத்து எண்ணிவிட்டுப் பேசுங்கள்.