ஊசி போட்ட பின் நின்றுபோகும் மாதவிடாய்

குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்ட ஒருவருக்கு மாதவிடாய் நின்றுபோனால், எங்கள் திருகோணமலையில் முதலில் எழும் சந்தேகம் பிள்ளை தங்கிவிட்டதா என்பது. அது இல்லையென்று தெரிந்ததும், வெளியேற வேண்டிய கெட்ட இரத்தம் வயிற்றுக்குள் தேங்கிக் கட்டியாகிவிடுமோ என்ற பயம் வந்துவிடும். என் மச்சாள் ஒருத்தி இந்தப் பயத்தினாலேயே, மருத்துவமாது எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், ஊசியை இடையில் விட்டுவிட்டாள்.

உண்மையில் அங்கே தேங்குவதற்கு ஒன்றுமில்லை. வழமையான மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிவந்த பின் சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன் என்ற மற்ற ஹோர்மோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காதபோது இரண்டும் குறைந்து, அந்தப் படலம் இரத்தத்தோடு உதிர்கிறது. 3 மாதங்களுக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசியில் புரொஜெஸ்ட்ரோனை ஒத்த மருந்து மட்டுமே உண்டு. அது முட்டை வெளிவருவதைத் தடுப்பதோடு படலத்தையும் மெல்லியதாகவே வைத்திருப்பதால், உதிர்வதற்கான தடிப்பே உண்டாவதில்லை. ஆனால் மெலிந்த படலம் ஆரம்பத்தில் உறுதியற்றது என்பதால், முதல் சில மாதங்களில் ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம் படும். ஒரு வருடம் தொடர்ந்து போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மாதவிடாய் வருவதே இல்லை. கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியிலும் இப்படித்தான், எப்போது இரத்தம் படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கருப்பைக்குள் வைக்கும் லூப்பை இவற்றோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. இங்கே வழமையாக வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோனே கிடையாது, அது இரத்தப்போக்கைக் கூட்டுவது வேறு காரணத்தால்.

கருத்தடைக் குளிசையின் கதை வேறு. 28 குளிசைகள் கொண்ட அட்டையில் 21 மட்டுமே மருந்து. கடைசி வரிசையில் இருக்கும் 7 மண்ணிறக் குளிசைகள் பெரும்பாலும் இரும்புச் சத்து. அந்த நாட்களில் வரும் இரத்தம் ஹோர்மோன் திடீரெனக் குறைவதால் வருவதே தவிர, முட்டை வெளிவந்து முடிந்த மாதவிடாய் அல்ல. அதனால்தான் அளவும் வலியும் குறைவாக இருக்கின்றன. மண்ணிறக் குளிசை ஒன்று தவறினால் கெடுதியில்லை, அடுத்த அட்டையைப் பிந்தித் தொடங்குவதுதான் ஆபத்து.

கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட பாமசியில் வாங்கும் நோரெத்திஸ்டெரோனை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்படிச் சில நாட்கள் எடுப்பது கருத்தடை ஆகாது. இரத்தக்குழாய்க்குள் இரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுபவர்கள் ஊசியைப் பற்றி இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குளிசையை அல்லது குச்சியை நிறுத்தினால் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பிவிடும்; ஊசியிலோ, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 9, 10 மாதங்கள் வரை செல்லலாம், சிலருக்கு அதற்கும் மேலே இழுக்கும்.