ஆய்வு முன்மொழிவு: அட்டவணையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது?

கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், கட்டுமான மேலாண்மை போன்ற துறைகளில் முதுநிலை ஆய்வேட்டுக்கு முன்மொழிவு எழுதத் தொடங்கும் மாணவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது, அவர்களிடம் நான் முதலில் தலைப்பைக் கேட்பதில்லை. "தரவுகளையெல்லாம் திரட்டி முடித்த பிறகு எக்செல்லில் ஓர் அட்டவணை போடுவீர்கள் அல்லவா, அதில் ஒரு வரிசை எதைக் குறிக்கும்?" என்றுதான் கேட்கிறேன். ஒரு கட்டடமா, அந்தக் கட்டடத்தில் உள்ள ஒரு வீடா, அந்த வீட்டில் வசிக்கும் ஒருவரா, ஒரு கட்டுமானத் திட்டமா, அத்திட்டத்தில் கிளம்பிய ஒரு தகராறா, ஒரு தெருவா? இதற்குத் தெளிவான விடை இருந்தால் முன்மொழிவில் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன். விடை இல்லையென்றால், எத்தனை பக்கங்கள் எழுதினாலும் அதில் ஒரு பொருளின்மீது மாணவருக்குள்ள ஆர்வம் தெரியுமே தவிர, ஆய்வுக்கான திட்டம் தெரியாது.

கட்டடங்களையும் நகரங்களையும் பற்றிய ஆய்வுகளில் இந்தக் கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இங்கே எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன: ஆட்கள் அறைகளிலும், அறைகள் வீடுகளிலும், வீடுகள் கட்டடங்களிலும், கட்டடங்கள் தெருக்களிலும். நடுவில் தாழ்வாரமும் அதன் இருபுறமும் வீடுகளுமாக அமைந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் குறுக்குக் காற்றோட்டம் (ஒரு பக்கம் நுழைந்த காற்று எதிர்ப்பக்கம் வெளியேறுவது) கிடைப்பதில்லை, அதனால் இரவிலும் படுக்கையறைகளின் சூடு தணிவதில்லை என்று ஒரு மாணவர் கருதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆராய மூன்று கட்டடங்களைத் தேர்ந்தெடுத்து, 384 பேரிடம் வினாத்தாள் கொடுக்கப் போவதாக எழுதுகிறார். 384 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது முன்மொழிவுகளைப் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கிரெய்சி, மார்கன் என்ற ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில், பத்து லட்சம் பேர் கொண்ட மக்கள்தொகைக்கு நேராக இருக்கும் மாதிரி அளவு அது. 95 விழுக்காடு நம்பக அளவு, 5 விழுக்காடு பிழை எல்லை, ஆம் என்போரும் இல்லை என்போரும் சரிபாதி என்ற அனுமானம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் இட்டால் அது கிடைக்கும். ஒரு பெரிய மக்கள்தொகையிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்து, அவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இன்ன கருத்துடையவர்கள் என்று மதிப்பிட அது உதவும். கட்டடத்தின் அமைப்பு அறையின் வெப்பத்தை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. அமைப்பைப் பொறுத்தவரை அந்த மாணவர் கையில் இருப்பவை மூன்றே கட்டடங்கள்.

வினாத்தாளை விட்டுவிட்டு, அறைகளில் டேட்டா லாகர் வைத்து வெப்பநிலையை அளந்தாலும் இதே சிக்கல் வேறு வடிவில் வந்து நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் கருவி ஒரு நாளில் 144 அளவீடுகளைத் தரும். இரண்டு வாரத்தில் 2,016. இருபது படுக்கையறைகளில் வைத்தால் 40,320 அளவீடுகள் சேர்ந்துவிடும். பார்ப்பதற்கு மலைப்பாக இருந்தாலும், ஒரே அறையில் பத்து நிமிட இடைவெளியில் எடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஒத்தே இருக்கும் என்பதால், ஒப்பிடுவதற்கு உள்ளவை இருபது அறைகள்தாம். அவற்றில் பத்து அறைகள் தாழ்வாரம் உள்ள ஒரு கட்டடத்திலும், மற்ற பத்து அறைகள் தாழ்வாரம் இல்லாத வேறொரு கட்டடத்திலும் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இரண்டுக்கும் இடையே தெரியும் வேறுபாடு காற்றோட்டத்தால் வந்ததா, சுவரின் கனத்தால் வந்ததா, கூரையின் நிறத்தால் வந்ததா, பக்கத்தில் நிற்கும் மரங்களால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே கட்டடத்தில், ஒரே தளத்தில், இரண்டு பக்கம் ஜன்னல் உள்ள மூலை வீட்டையும் ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள நடு வீட்டையும் இணையாக எடுத்துக்கொள்ளலாம். கட்டுமானப் பொருள், வயது, சுற்றுப்புறம் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் உடனே அடுத்த மறுப்பு எழும்: மூலை வீட்டுக்கு வெளிச்சுவர் அதிகம், ஆகவே பகலில் அது வாங்கும் வெயிலும் அதிகம். இந்த மறுப்பை வாய்மொழித் தேர்வில் பிறர் எழுப்பும் வரை காத்திருக்காமல், முன்மொழிவிலேயே எழுப்பி விடையும் சொல்லிவிட வேண்டும். ஒரே திசை நோக்கிய படுக்கையறைகளை மட்டும் எடுப்பது, சூரியன் மறைந்த பிறகு வெப்பநிலை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை ஒப்பிடுவது, ஜன்னல் திறந்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது என்று சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். இந்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்தான் முன்மொழிவில் நான் தேடிப் படிக்கும் பகுதி.

இப்படிப்பட்ட முடிவுகளால் ஓர் ஆய்வு எவ்வளவு உறுதிபெறும் என்பதற்கு ரோஜர் உல்ரிக் 1984-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையை மாணவர்களுக்கு எப்போதும் பரிந்துரைக்கிறேன். மருத்துவமனை அறையின் ஜன்னல் வழியே தெரியும் காட்சி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளி தேறுவதைப் பாதிக்கிறதா என்பது கேள்வி. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளிலிருந்து 46 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். அவர்களில் 23 பேருடைய ஜன்னல்கள் மரங்களைப் பார்த்திருந்தன. மற்ற 23 பேருடைய ஜன்னல்கள் பழுப்பு நிறச் செங்கல் சுவரைப் பார்த்திருந்தன. பால், வயது, புகைப்பழக்கம், உடற்பருமன், அறை இருந்த தளம் முதலியவற்றில் பொருந்துமாறு ஒருவருக்கு ஒருவராக இணை சேர்த்தார்கள். மே 1 முதல் அக்டோபர் 20 வரை நடந்த சிகிச்சைகள் மட்டுமே கணக்கில் வந்தன. மரங்களில் இலை இருந்த மாதங்கள் அவை என்பதே காரணம். பதிவேடுகளிலிருந்து விவரங்களை எடுத்த செவிலியருக்கு எந்த நோயாளியின் ஜன்னலில் என்ன தெரிந்தது என்பது தெரியாது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பினார்கள். முதல் பிரிவினர் கடுமையான வலிநிவாரணிகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். வெறும் 46 வரிசைகள் கொண்ட அட்டவணை அது. எண்ணிக்கை சிறிதென்றாலும் ஒவ்வொரு வரிசையும் எதைக் குறிக்கிறது, ஏன் அது அட்டவணைக்குள் வந்தது, எவை ஏன் விலக்கப்பட்டன என்பவற்றில் குழப்பமே இல்லை. முதுநிலை மாணவர் ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு அது என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆய்வு இடைவெளி என்ற பகுதிக்கு வருகிறேன். "இந்த நகரத்தில் இதுவரை யாரும் இதை ஆராயவில்லை" என்ற வாக்கியம் முன்மொழிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யாரும் ஆராயாத இடங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அந்த இடத்தில் ஆராய்ந்தால் முன்பு தெரிந்ததில் எது மாறக்கூடும் என்று சொன்னால்தான் அது இடைவெளி ஆகும். வெப்ப உணர்வு பற்றிய ஆய்வு வரலாறு இதற்கு நல்ல பாடம். டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970-இல் முன்வைத்த கணிப்பு மாதிரி, காற்றின் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, உடலுழைப்பு ஆகிய ஆறு காரணிகளைக் கொண்டு, ஒரு கூட்டத்தினர் சராசரியாக எந்த அளவு வெப்பத்தையோ குளிரையோ உணர்வார்கள் என்று கணித்தது. அது பெரும்பாலும் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுக்கூட அறைகளில் நடந்த சோதனைகளிலிருந்து பிறந்தது. ஜன்னலைத் திறந்து மூடி, உடையைத் தளர்த்தி வாழும் மனிதர்கள் உள்ள கட்டடங்களுக்குச் சென்று அளந்தவர்கள், அங்கே வாழ்பவர்கள் இன்னும் அகலமான வெப்பநிலை வரம்பை ஏற்றுக்கொள்வதைக் கண்டார்கள். டி டியரும் பிரேகரும் 1998-இல் 160 கட்டடங்களிலிருந்து கிடைத்த ஏறத்தாழ 21,000 தரவுத் தொகுதிகளைக் கொண்டு, வெளியே நிலவும் வெப்பநிலைக்கேற்ப மக்கள் உள்ளே ஏற்கும் வெப்பநிலையும் மாறும் என்று கொள்ளும் தகவமைவு மாதிரியை உருவாக்கினார்கள். 2004-இல் அது, கட்டடங்களின் வெப்ப வசதிக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 55-க்குள் இடம்பெற்றது. ஆய்வுக்கூடக் கணிப்புக்கும் வாழும் வீட்டில் கிடைத்த அளவீட்டுக்கும் இடையே தெரிந்த முரண் அது. இடைவெளி என்று எழுதத் தகுந்தது அத்தகைய முரண்தான் என்பது என் உறுதியான கருத்து.

கட்டுமான மேலாண்மை மாணவர்களிடம் இன்னொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. திட்டங்கள் தாமதமாவதற்கு முந்தைய கட்டுரைகளில் சொல்லப்பட்ட காரணங்களை ஒரு பட்டியலாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி, ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீட்டைக் (பெற்ற மதிப்பெண்களின் கூட்டுத்தொகையைப் பெறக்கூடிய உச்ச மொத்தத்தால் வகுத்த எண்) கணக்கிட்டு, காரணங்களை வரிசைப்படுத்துவது அது. ஒரு காரணம் 0.81 பெற்று முதலிடத்திலும் இன்னொன்று 0.80 பெற்று இரண்டாமிடத்திலும் நிற்கும். அந்த நூறில் ஒரு பங்கு வேறுபாட்டுக்குப் பொருள் உண்டா என்ற கேள்வி எழுவதே இல்லை. அதைவிட முக்கியமானது, இந்த முறையில் ஒரு வரிசை குறிப்பது தாமதமான ஒரு திட்டத்தை அன்று, தாமதத்தைப் பற்றிய ஒருவரின் கருத்தை. ஒப்பந்ததாரரைக் கேட்டால் உரிமையாளர் பில் தொகையைக் காலத்தில் தரவில்லை என்பார். உரிமையாளரைக் கேட்டால் ஒப்பந்ததாரர் போதிய ஆட்களைக் கொண்டுவரவில்லை என்பார். கருத்துகளே ஆய்வுப் பொருள் என்றால் அது முறையான ஆய்வுதான். அப்படியானால் தலைப்பும் கேள்வியும் அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உண்மையில் ஏற்பட்ட தாமதத்தை அறிய வேண்டுமென்றால், கால நீட்டிப்புக் கோரிக்கைகள், சைட் நாட்குறிப்புகள், பில்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றுக்குத்தான் போக வேண்டும். டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியாவும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவெடுத்த காலத்து மதிப்பீட்டையும் இறுதிச் செலவையும் 258 போக்குவரத்துத் திட்டங்களுக்கு ஒப்பிட்டார்கள். பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. அங்கே ஒரு வரிசை என்பது ஒரு திட்டம். முதுநிலை மாணவருக்கு 258 தேவையில்லை; ஆறு திட்டங்களின் ஆவணங்களை முழுமையாகப் படிப்பதே ஓர் ஆய்வேட்டைத் தாங்கும்.

ஆவணங்களைப் பார்க்க முடியுமா என்பதுதான் அடுத்த சிக்கல். நல்ல கேள்வியும் நல்ல முறையும் இருந்து, உள்ளே நுழைய அனுமதி இல்லாததால் நின்றுபோகும் ஆய்வுகள் நம் துறையில் ஏராளம். கட்டடத்துக்கு ஓர் உரிமையாளர், ஒரு நிர்வாகம், பல குடியிருப்பாளர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதித்ததாக ஆகிவிடாது. ஆகவே "தரவுகள் தொடர்புடைய நிறுவனங்களிடமிருந்து பெறப்படும்" என்ற ஒற்றை வரியோடு முன்மொழிவை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடம், எந்த ஆவணத்தை, எந்தக் காலத்துக்கு உரியதைக் கேட்கப் போகிறோம் என்பதை எழுதி, கொள்கையளவிலாவது ஒரு சம்மதக் கடிதத்தை வாங்கி இணைத்துவிட்டால், மதிப்பீட்டுக் குழுவின் பாதி ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அறநெறிப் பகுதியை மாணவர்கள் படிவம் நிரப்பும் வேலையாக நினைத்துக் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. நாம் நுழைவது பிறர் வீட்டுக்குள். அளப்பது அவர்கள் உறங்கும் அறையை. கரியமில வாயுவை அளக்கும் கருவியை ஒரு வீட்டில் வைத்தால், அந்த அளவு வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கும் நேரங்களைப் பார்த்தே, வீட்டில் தினமும் ஆள் இல்லாத நேரம் எது என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தக் கோப்போடு வீட்டின் தரைப்படமும் முகவரியும் சேர்ந்தே இருந்தால் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. கட்டுமான சைட்டில் மேற்பார்வையாளர் கேட்கும் தூரத்தில் நிற்க, பாதுகாப்பு ஏற்பாடுகள் எப்படி என்று தொழிலாளியிடம் கேட்டால், அவர் சொல்லும் விடையிலும் உண்மை இருக்காது, அவர் தந்த சம்மதத்திலும் சுதந்திரம் இருக்காது. எங்கே, எப்போது, யார் இல்லாதபோது கேட்கப் போகிறோம், முகவரியையும் அளவீட்டையும் எப்படித் தனித்தனியே வைக்கப் போகிறோம் என்பதை முன்மொழிவில் எழுதுவது அந்த மனிதர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. ஆய்வின் தரமும் அதனால் உயரும்.

செலவுக் கணக்கு, மேற்கோள் முறை, பக்க வடிவம் ஆகியவற்றைப் பல்கலைக்கழக விதிமுறைப்படி செய்துவிட்டால் போதும். கால அட்டவணையில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கல்வியாண்டுக்கு மட்டுமன்றிப் பருவத்துக்கும் கட்டுப்பட்டது. கோடை வெப்பத்தை ஆராயும் மாணவருக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் இரண்டு மாதம் தள்ளிப்போனால், அளவெடுக்க வேண்டிய பருவமே கடந்துபோயிருக்கும். அடுத்த கோடை வரை ஆய்வேடு காத்திருக்காது. ஆகவே கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாமல், அளவெடுக்க வேண்டிய வாரங்களை முதலில் குறித்துக்கொண்டு, அனுமதி, கருவிகளைச் சரிபார்த்தல், ஓரிரு வீடுகளில் முன்னோட்டம் ஆகியவற்றை அதற்கு முன்னால் அடுக்க வேண்டும். முன்னோட்டத்தில் கிடைத்த சில நாள் அளவீடுகளை ஒரு சிறு வரைபடமாக முன்மொழிவிலேயே காட்ட முடிந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை.

அனுமதி மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். நிறுவனம் ஆவணங்களைத் தர மறுத்தால், வெளிப்படையாகக் கிடைக்கும் டெண்டர் மற்றும் தணிக்கை ஆவணங்களைக் கொண்டு கேள்வியின் எந்தப் பகுதிக்கு விடை காண முடியும்? குடியிருப்பாளர்கள் பாதியில் விலகினால், எத்தனை இணை வீடுகள் எஞ்சும் வரை ஒப்பீடு செல்லுபடியாகும்? எந்தத் தேதிக்குள் கடிதம் வராவிட்டால் இரண்டாவது கட்டடத்துக்கு மாறுவது என்பதையும், அந்த மாற்றத்தால் கேள்வியில் எந்தச் சொல் மாறும் என்பதையும் நெறியாளரோடு பேசி இப்போதே எழுதிவைத்துவிட்டால், களப்பணி நடுவில் அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருக்காது.