அதே வட்டம், ஏழு மடங்கு எடை

அமெரிக்க மரைன் படையின் வி.எம்.எம்.-161 என்ற ஸ்குவாட்ரனை, அதாவது விமானப் பிரிவைப், பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் போர்களைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். ஹெலிகாப்டரை ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும் அந்த வரலாற்றை வேறு இரண்டு கேள்விகளாகப் பார்ப்பார்கள்: ஒரு தடவைக்கு எத்தனை பேரைத் தூக்க முடிந்தது? தூக்கும்போது எது உடைந்தது?

1951 ஜனவரி 15 அன்று கலிபோர்னியாவின் எல் டோரோவில் எச்.எம்.ஆர்.-161 என்ற பெயரில் இது தொடங்கியது. மரைன் படையின் முதல் ஹெலிகாப்டர் போக்குவரத்து ஸ்குவாட்ரன் இதுதான். எட்டே மாதத்தில், 15 எச்.ஆர்.எஸ்.-1 ஹெலிகாப்டர்களுடன் கொரியாவில் வேலையில் இறங்கிவிட்டது. சிக்கோர்ஸ்கி தயாரித்த அந்த ஹெலிகாப்டரில் 600 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின் மூக்கில் இருக்கும். விமானி அதற்கு மேலே மாடியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருப்பார். பார்க்கக் கோணலான அமைப்பு. ஆனால் காரணத்தோடு செய்தது. சரக்கு அறை ரோட்டருக்கு, அதாவது மேலே சுழலும் பெரிய விசிறிக்கு, நேர் கீழே வந்துவிடுவதால் பத்துப் பேர் ஏறினாலும் யாருமே ஏறாவிட்டாலும் எடையின் மையம் அதிகம் நகராது.

பத்துப் பேர் என்பது காகிதக் கணக்கு. மலையில் நின்றது ஆறுதான். 1951 அக்டோபர் 11 அன்று 'பம்பிள்பீ' நடவடிக்கையில் 958 வீரர்களை 702ஆம் குன்றுக்குக் கொண்டுபோக 156 தடவை பறக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி, தோட்டா, மூட்டையோடு ஓர் ஆளுக்கு 240 பவுண்டு, ஏறக்குறைய 109 கிலோ, என்று கணக்கு வைத்திருந்தார்கள். விமானப் பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டு. அதாவது டேங்கில் 40 கேலனைக் குறைத்தால் ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றலாம். எரிபொருளைக் குறைத்து நிரப்பிக்கொண்டு அடிக்கடி வந்து போவதா, நிறைய நிரப்பிக்கொண்டு ஆளைக் குறைப்பதா என்பதை ஒவ்வொரு நாளும் வெயிலையும் உயரத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெப்பம் ஏறினால் காற்று மெலியும். எஞ்சினும் சோர்ந்துவிடும், ரோட்டரும் பிடிப்பை இழக்கும். காலையில் தூக்கிய சுமையை மதியம் தூக்க முடியாமல் போவது அதனால்தான்.

மலை முகட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சமதளத்தில் தரைக்கு அருகே நிற்கும்போது, கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு ஒரு மெத்தைபோல உதவும். முகட்டில் அந்தக் காற்று இரு பக்கமும் வழிந்து போய்விடும். ஆகவே இறங்குவதற்கு முன்பே, தரையின் உதவி இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் அளவுக்குத் திறன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் 21 அன்று 'சம்மிட்' நடவடிக்கையில் 884ஆம் குன்றில் முதலில் இறங்கியவர்களுக்கு இறங்குதளமே கிடையாது. முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கி இறங்கி, பின்னால் வருபவர்களுக்காக இடத்தைச் சீர் செய்தார்கள். அன்று போனது 224 பேர், 17,772 பவுண்டு சரக்கு. அதற்கு எட்டு நாள் முன்பு நடந்த 'விண்ட்மில்' நடவடிக்கையில் 28 நடையில் 18,848 பவுண்டு மேலே போனது. திரும்பும் வழியில் காயம்பட்ட 74 பேர் கீழே வந்தார்கள். சரக்கை வலையில் கட்டி வயிற்றுக்குக் கீழே கொக்கியில் தொங்கவிட்டதால் அதை இறக்க ஹெலிகாப்டர் தரையைத் தொட வேண்டியதில்லை. வெறுமனே திரும்புவதைத்தான் எந்தப் போக்குவரத்து ஸ்குவாட்ரனும் வீண் என்று நினைக்கும். அந்த நாள் கணக்கு இன்றும் பாடமாக வைக்கத் தக்கது.

பிறகு எச்-34 ஹெலிகாப்டர், அதன் பிறகு சி.எச்.-46. வியட்நாமுக்கு 1965இல் எச்-34களோடு போன ஸ்குவாட்ரன், 1968இல் சி.எச்.-46டி உடன் குவாங் ட்ரிக்குத் திரும்பியது. முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர்கள், ஒன்றின் வட்டத்துக்குள் மற்றொன்று புகுந்து சுழலும். இரண்டையும் நீண்ட தண்டு ஒன்று கட்டிப்போட்டிருக்கும். தண்டு அறுந்தால் பிளேடுகள் மோதிக்கொள்ளும். அதற்கு மேல் விமானி செய்ய ஒன்றுமில்லை. இந்த ரகத்தின் ஆரம்பகால நோய்கள் இரண்டு. 1966இல் கடலோர மணலை உறிஞ்சிய எஞ்சின்களின் கம்ப்ரசர் பிளேடுகள் தேய்ந்து போயின. காற்று நுழையும் வாயில் வடிகட்டி போட வேண்டியதாயிற்று. 1967இல் பின் ரோட்டரைத் தாங்கும் கூண்டே பறக்கும்போது முறிந்தது. அவசரப் பறப்பு தவிர எல்லாவற்றையும் நிறுத்தி, ஒகினாவாவின் ஃபுடென்மாவில் வைத்து அந்தக் கட்டுமானத்தை வலுப்படுத்தினார்கள். எண்ணெய் ஒழுகாத சி.எச்.-46 என்றால் அதில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பது பராமரிப்புக் கொட்டகையின் பழைய கேலி. இந்த ஸ்குவாட்ரன் அதை நாற்பது ஆண்டுக்கு மேல் ஓட்டியது.

2009இல் பெயரிலிருந்த எச் போய் வி வந்தது. ஹெலிகாப்டருக்கு எச், இறக்கை விமானத்துக்கு வி என்பது அவர்கள் வழக்கம். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் முதலில் எம்.வி.-22 ஆஸ்ப்ரேக்கு மாறிய ஸ்குவாட்ரன் இதுதான். ஆஸ்ப்ரேயின் இறக்கை நுனிகளில் உள்ள ரோட்டர்களை நிமிர்த்தினால் ஹெலிகாப்டர்போல எழும், முன்னோக்கிச் சாய்த்தால் விமானம்போலப் பறக்கும். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எச்.ஆர்.எஸ்.-1இன் ஒற்றை ரோட்டர் 53 அடி விட்டம். சுழலும் வட்டத்தின் பரப்பு சுமார் 2,200 சதுர அடி. ஆஸ்ப்ரேயின் இரண்டு ரோட்டர்களும் 38 அடி. இரண்டையும் சேர்த்தால் சுமார் 2,270. ஏறக்குறைய ஒரே வட்டம்! ஆனால் பழையது தூக்கியது தன் எடையையும் சேர்த்து சுமார் 7,000 பவுண்டு. புதியது செங்குத்தாக எழும்போது 52,600 பவுண்டு வரை. சதுர அடிக்கு மூன்று பவுண்டு சுமந்த காற்று இப்போது இருபத்துமூன்று பவுண்டு சுமக்கிறது.

பொறியியல் வகுப்பில் இது ஒரு வரி. களத்தில் இதிலிருந்துதான் எல்லாமே. கொக்கி மாட்ட அடியில் நிற்பவர்களைக் காற்று தள்ளிவிடுகிறது. புழுதி நிலத்தில் கடைசிச் சில அடிகள் கண்ணே தெரியாது. எஞ்சினை நிமிர்த்தி நிற்கும்போது வரும் வெப்பக்காற்றில் காய்ந்த புல் தீப்பிடிக்கும்; அதனால் இறங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது புல்லையும் பார்க்க வேண்டும். ரோட்டர்கள் பக்கவாட்டில் இருப்பதால் வரும் ஆபத்து தனி. மெதுவாகப் போய்க்கொண்டே வேகமாக இறங்கினால் ரோட்டர் தன் சுழற்காற்றிலேயே சிக்கிப் பிடிப்பை இழக்கும். அது ஒரு பக்கம் மட்டும் நடந்தால் விமானம் உருண்டுவிடும். 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் 19 பேர் இறந்தது அப்படித்தான். 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) என்பதற்கும் குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்ற விதி விமானிகளுக்கு மனப்பாடம்.

சி.எச்.-46இன் தண்டு இங்கும் வேறு உருவில் இருக்கிறது. இறக்கை வழியாக ஓடும் இணைப்புத் தண்டு, ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றதைக் கொண்டு இரண்டு ரோட்டர்களையும் சுற்றும். நின்ற எஞ்சின் ரோட்டரைப் பிடித்து இழுக்காமல் விலகிக்கொள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு கிளட்ச் உண்டு. அந்தக் கிளட்ச் தேய்ந்து ஒரு கணம் வழுக்கினால் சுமை முழுவதும் தண்டு வழியாக எதிர்ப்பக்கம் பாயும். மறுகணம் அது மீண்டும் பிடித்தால் அடி கியர்பாக்ஸ் வரை இறங்கும். 2022 ஜூனில் சகோதர ஸ்குவாட்ரனான வி.எம்.எம்.-364இன் ஆஸ்ப்ரே கலிபோர்னியாவில் இரு பக்கமும் இப்படி ஆகி விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி முதல் கிளட்ச் அடங்கிய அந்தப் பாகத்தை 800 பறப்பு மணிக்குள் மாற்றிவிடச் சொன்னார்கள். உடைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய பாகம் அல்ல அது. மணிக்கணக்கு வைத்து மாற்றுவது சரியான முடிவுதான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானின் யகுஷிமா அருகே அமெரிக்க விமானப்படையின் சி.வி.-22 (ஆஸ்ப்ரேயின் இன்னொரு வகை) ஒன்றின் கியர்பாக்ஸ் பல்சக்கரம் பிளந்து எட்டுப் பேர் இறந்தார்கள். மூன்று மாதம் எல்லா ஆஸ்ப்ரேக்களும் தரையில் நின்றன. 2024 மார்ச்சில் மறுபடி பறக்க விட்டபோது, இறங்கக்கூடிய ஒரு விமானத்தளத்திலிருந்து 30 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். தூரம் போவதற்காகவே வாங்கிய விமானம் அது.