அம்மோனியாவைப் பிடிப்பது சவ்வுதான், பாடு முழுக்க அதற்கு முன்னால்

கழிவுநீர் ஆலையில் அம்மோனியா என்றாலே ஒழித்துக்கட்ட வேண்டிய ஒன்று. காற்றை ஊதி ஊதி பாக்டீரியாவை வைத்து நைட்ரேட்டாக்கி, அப்புறம் நைட்ரஜன் வாயுவாக வானத்தில் விட்டுவிடுகிறோம். அதே நைட்ரஜனை வேறொரு ஆலையில் இயற்கை எரிவாயுவைச் செலவழித்து ஹேபர்-பாஷ் முறையில் திரும்பப் பிடித்து உரமாக்குகிறார்கள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு இது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

அதனால் அம்மோனியாவைச் சவ்வு வைத்து மீட்கும் வேலை கைக்கு வந்தபோது ஆசையோடு இறங்கினேன். எடுத்துக்கொண்டது கசடைப் பிழியும்போது வரும் நீர். ஆலைக்குள் வரும் தண்ணீரில் அது நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் நைட்ரஜனில் 15 முதல் 25 சதவீதம் வரை அதில் கிடக்கிறது.

பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7ல் அம்மோனியா ஏறக்குறைய எல்லாமே அம்மோனியம் அயனி, அது சவ்வைத் தாண்டாது. காஸ்டிக் சோடா விட்டு 10, 11க்கு ஏற்றினால் வாயுவாகி, தண்ணீரை ஒட்டவிடாத பாலிப்ரொப்பிலீன் குழாய் இழைகளின் (சவ்வு என்பது இவைதான்) நுண்துளை வழியே போய்விடும். மறுபக்கம் ஓடும் சல்பூரிக் அமிலம் அதை அம்மோனியம் சல்பேட்டாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்தது சவ்வு இப்படித் தேர்ந்தெடுத்து விடுவதுதான். மின்சாரத்தால் அயனியை இழுக்கும் சவ்வுகளில் பொட்டாசியத்தையும் அம்மோனியத்தையும் பிரிப்பது பெரும்பாடு, தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன். இங்கே பொட்டாசியம் ஆவியாகாது, எனவே அந்தப் பக்கம் வராது.

சரி, தொல்லை எங்கே? பிஹெச் ஏறியதும் கால்சியம் கார்பனேட்டாகி இழைமேல் படிகிறது. சோப்பும் எண்ணெயும் வந்தால் இன்னும் மோசம், துளைக்குள் தண்ணீரே புகுந்துவிடும். அப்படி நனைந்த இழையை வெளியே எடுத்துப் பார்த்தால் பால்வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரித் தெரியும், அந்த இடத்தில் அமிலமும் கழிவுநீரும் கலந்துகொண்டிருக்கும். நம் நேரமெல்லாம் இங்கேதான் போகிறது: முதலில் காற்றடித்துக் கரியமில வாயுவை வெளியேற்றுவது (பிஹெச் தானே கொஞ்சம் ஏறும், காஸ்டிக் மிச்சம்), கால்சியத்தை முன்கூட்டியே படியவைப்பது, வடிகட்டுவது, நாள் தவறாமல் அமிலப் பக்கத்தில் கரைசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. நீராவியும் சவ்வைத் தாண்டுவதால் அங்கே அளவு மெல்ல ஏறும், சல்பேட் கரைசல் நீர்த்துப்போகும். திடீரென்று ஏறினால் இழையைச் சந்தேகப்பட வேண்டும்.

இதை வைக்க நினைப்பவர்கள் சவ்வு விலையைக் கேட்கும் முன் கசடு நீரில் காரத்தன்மை, கால்சியம், துகள், சோப்பு நாலையும் சோதித்துவிடுங்கள். காஸ்டிக் செலவு எவ்வளவு, இழை எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடுகிறது.