ஒரு கடைவாய்ப் பல்லும் ஹெபடைடிஸ் ஜியும்

சொத்தைப் பல்லைப் பிடுங்க அரை மணி நேரம் போதும். எனக்கு ஏழு வாரம் ஆனது. நடுவில் கோவைக்கு இரண்டு பயணம், வீட்டில் எனக்கென்று ஒரு தனித் தம்ளர். இத்தனைக்கும் காரணமான வைரஸ் என் உடம்பில் ஒரு குறும்பும் செய்யவில்லை.

நான் இருப்பது கோத்தகிரிக்குக் கீழே, அரவேனு பக்கம். பல் டாக்டர் பிடுங்குவதற்கு முன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வழக்கமானதுதான். ரத்தம் எடுக்கும் மையத்துப் பெண், "தனித்தனியாகப் பார்ப்பதைவிட முழுப் பேக்கேஜ் லாபம் அண்ணா. எல்லா ஹெபடைடிஸும் வந்துவிடும், தள்ளுபடியும் இருக்கிறது" என்றார். தள்ளுபடி என்ற சொல்லுக்கு மயங்கித் தலையாட்டினேன். டாக்டர் சீட்டில் இல்லாத பரிசோதனைக்குக் கை நீட்டாதீர்கள். இந்தக் கதையில் வேறு எது மறந்தாலும் இது மறக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் கைபேசிக்கு அறிக்கை வந்தது. எச்.ஐ.வி. இல்லை, பி இல்லை, சி இல்லை. கல்லீரல் என்சைம்கள் எல்லாம் வரம்புக்குள். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: ஹெபடைடிஸ் ஜி வைரஸ் ஆர்.என்.ஏ., கண்டறியப்பட்டது.

அப்படியொரு எழுத்து இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மையத்துக்கு ஓடினேன். "மாதிரி வெளியூர் போய் வருகிறது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள்" என்று கையை விரித்தார்கள். விற்கும்போது எல்லாம் தெரிந்திருந்தது! பல் மருத்துவமனையில் டாக்டர் இல்லை. வரவேற்பில் இருந்தவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு, என் கோப்பு அட்டையின் மேல் சிவப்பு மையில் 'ஹெபடைடிஸ் பாசிட்டிவ்' என்று எழுதினார். 'ஜி'யை விட்டுவிட்டார். கல்லீரல் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் பல்லைத் தொடுவார்களாம்.

செய்தி எனக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்தது. அத்தை மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் கீழாநெல்லி வரவழைத்தார். கல்லீரல் என்றால் காமாலை, காமாலை என்றால் கீழாநெல்லி, உப்பில்லாச் சாப்பாடு. பக்கத்துத் தோட்டக்காரர், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தடுப்பூசி கேட்டுப் பார்க்கச் சொன்னார். 1907 முதல் அங்கே இருக்கும் நிறுவனம். ஊசி என்றாலே எங்கள் மலையில் அந்தப் பெயர்தான் வாயில் வரும். இந்த வைரஸுக்குத் தடுப்பூசியே கிடையாது என்பதும், தேவைப்படவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

கல்லீரல் டாக்டரைப் பார்க்கக் கோவைக்குப் போன முதல் பயணம் முழுக்க வீண். முன்கூட்டிப் போன் செய்து "டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்டேன், "இருக்கிறார்" என்றார்கள். இருந்தார். ஆனால் திங்கட்கிழமை உள்நோயாளிகளை மட்டும் பார்ப்பார், புது நோயாளிகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும். டாக்டர் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். புது நோயாளியை இன்று பார்ப்பாரா என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நாள். அதை மனைவி தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன். குஞ்சப்பனைக்கு அருகே மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் பஸ் நகரவில்லை. போய்ச் சேர்ந்தால் டோக்கன் 41. போதாக்குறைக்கு, கைபேசியில் காட்டும் அறிக்கை செல்லாது, எல்லாப் பக்கங்களும் தாளில் வேண்டும் என்றார் கவுன்ட்டர்காரர். எதிர்க்கடையில் அச்செடுத்து வருவதற்குள் 41 போய் 44 ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் என்னோடு பேசியது ஆறு நிமிடம். பி, சி இரண்டும் இல்லை, என்சைம் சரியாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார். "இதை யார் பார்க்கச் சொன்னது?"

அவர் சொன்னதன் சாரம் இது. 1990-களின் நடுவில் கண்டுபிடித்தபோது புதிய கல்லீரல் வைரஸ் என்று நினைத்து 'ஜி' என்று எழுத்துக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் அது பெருகும் இடம் ரத்த வெள்ளணுக்கள்; கல்லீரல் நோயை உண்டாக்குவதாக நிரூபிக்கவே முடியவில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும்; தம்ளர் வழியாக அல்ல. பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கும். வளர்ந்த நாடுகளில் ஆரோக்கியமாக ரத்தம் கொடுக்க வருகிறவர்களிலேயே நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை இதைச் சுமக்கிறார்கள். நம் ரத்த வங்கிகள் எச்.ஐ.வி., பி, சி, மேகநோய், மலேரியா ஐந்துக்கும் சோதிக்கின்றன, இதற்குச் சோதிப்பதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களில் இந்த வைரஸும் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 2001-இல் ஆய்வுகளே வந்தன என்று அவர் சொன்னபோது, அத்தையை அழைத்து வராமல் போனோமே என்றிருந்தது. 2011-இல் ஆய்வாளர்கள் இதற்குப் 'பெஜிவைரஸ்' என்று வேறு பெயரே முன்மொழிந்துவிட்டார்கள். எங்கள் மையத்து அச்சு இயந்திரத்துக்கு அந்தச் சேதி வரவில்லை.

மனைவிக்கும் பார்க்க வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். மருந்து? இல்லை. மறுபரிசோதனை? இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதிருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று தவணை, அது உபயோகமான கவலை என்றார். முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டேன்.

எழுந்திருக்காமல் கடிதம் கேட்டேன். "இதற்கெல்லாமா?" என்றார். சிவப்பு மைக் கதையைச் சொன்னதும் பேனாவை எடுத்தார். பி, சி இல்லை; ஜி வைரஸுக்குச் சிகிச்சை தேவையில்லை; பல் பிடுங்கத் தடையில்லை. மூன்று வரி, கையெழுத்து, முத்திரை. வாய்மொழியாகச் சொன்னதோடு வந்திருந்தால் மூன்றாவது பயணம் நிச்சயம்.

பல் மருத்துவமனை வரவேற்பில் அந்தக் கடிதத்தைக் காட்டியதும், பழைய அட்டையிலேயே சிவப்பு எழுத்தை அடித்துவிடுகிறேன் என்றார் அவர். அடித்தாலும் படிக்க முடியும். புது அட்டை போட்டால்தான் ஆயிற்று என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். உள்ளே போய் இருபது நிமிடத்தில் பல் வெளியே வந்தது. பழைய அட்டையை நானே கேட்டு வாங்கி வந்தேன். மறுநாள் காலை வெந்நீர் அடுப்பு அதில்தான் பற்றியது.