தள்ளிப்போட்ட இரண்டு ஆண்டுகள்

இடது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு ஓராண்டு நிறைவடைகிறது. அறுவை சிகிச்சை நடந்தபோது எனக்கு வயது 36. "இந்த வயசிலேயா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அதே கேள்வியை எனக்குள்ளும் கேட்டுக் கேட்டுத்தான், செய்துகொண்டிருக்க வேண்டிய சிகிச்சையை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். அந்தத் தயக்கத்தில் இன்று இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2021 மே மாதம் கொரோனா தொற்றில் மூச்சுத் திணறிப் படுத்திருந்தபோது எனக்கு ஸ்டீராய்டு ஊசிகள் போடப்பட்டன. நான் பிழைத்ததில் அவற்றுக்குப் பங்குண்டு என்று நம்புகிறேன். அந்த மருந்தின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால், சிலருக்கு ஸ்டீராய்டு தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. பந்து போன்ற அந்தப் பகுதி இரத்தமின்றி உள்ளுக்குள் மடிந்து, உடலின் எடையைத் தாங்க மாட்டாமல் நாளடைவில் நசுங்கிப்போகிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஏ.வி.என். என்கிறார்கள். நீண்டகால மதுப்பழக்கத்தாலும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவதாலும் இது வரக்கூடும். முதுமைத் தேய்மானத்தைப் போலன்றி, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது.

2022 தொடக்கத்தில் வலி எனக்கு முதலில் தெரிந்தது இடுப்பில் அன்று, முழங்காலில். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் இப்படி இடம் மாறித் தெரிவதுண்டு என்பதை நான் அப்போது அறியவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எடையைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதித் தந்தார். பல மாதங்கள் அப்படியே கழிந்தன. தொடையிடுக்கில் குத்தத் தொடங்கி, ஆட்டோவில் ஏறவே இடது காலை இரு கைகளாலும் தூக்கி வைக்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பின் தலை அதற்குள் நசுங்கத் தொடங்கியிருந்தது. தொடக்கத்திலேயே கண்டிருந்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிறிய சிகிச்சையை முயன்று பார்த்திருக்கலாம் என்றார்கள். தொடையிடுக்கில் விடாமல் வலி இருந்து, ஸ்டீராய்டு எடுத்த வரலாறும் உங்களுக்கு இருந்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு தயவுசெய்து திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆரம்ப நிலை எக்ஸ்ரேயில் தெரியாது.

2022 டிசம்பரில் மூட்டு மாற்றுதான் வழி என்று தெரிந்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. செயற்கை மூட்டு தேயும், இளவயதில் வைத்தால் மறுபடி மாற்ற நேரிடும், இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடக் கடினம் என்ற கணக்கு ஒன்றே என் மனத்தில் ஓடியது. அந்தக் கணக்கு பொய்யும் அன்று. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூட்டு மாற்றும் ஆண்களில் 35 சதவீதம் வரையானோருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படலாம் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே இதழில் 2019இல் வந்த மற்றோர் ஆய்வோ, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குவதாகச் சொன்னது. அவையும் பழைய வகை மூட்டுகள். எனக்கு வைத்திருப்பது பந்து போன்ற பீங்கான் தலையும், அது சுழல்வதற்கு, தேய்மானம் மிகக் குறைந்த புதுவகை பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்டது. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் முன்னோடியான மருத்துவர் ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தில் பாலிஎத்திலின் கிண்ணத்துக்கு மாறியதே, அவர் முன்பு பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோனதால்தான். இளையவர்களுக்குத் தேய்மானமே முதன்மையான கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டுக்கொண்டுதான் வருகிறது.

என் கணக்கில் நான் சேர்க்க மறந்தது, காத்திருக்கும் ஆண்டுகளின் விலை. மகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து வயது வரை நான் அவளைத் தூக்கவில்லை. என் கால் நகங்களைக் கணவர் வெட்டிவிட்டார். இரவில் புரண்டு படுத்தால் விழிப்பு வந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் அவர்கள் இருவரும் பிரகாரத்தைச் சுற்றி வருவார்கள், நான் நந்தி மண்டபத்தருகே அமர்ந்திருப்பேன். கைத்தடியைக்கூட வலியுள்ள பக்கமே பிடித்துக்கொண்டு பல மாதங்கள் நடந்தேன். இடது இடுப்பில் வலி என்றால் தடி வலக்கையில் இருக்க வேண்டும். இடது காலில் நிற்கும்போது வலப்பக்கம் சரியும் இடுப்பை அது தாங்கிக்கொள்ள, மூட்டின் மீதுள்ள சுமை வெகுவாகக் குறைகிறது. பிசியோதெரபிஸ்ட் தடியைக் கை மாற்றித் தந்த அன்று, வீட்டுக் கூடத்தை வலி குறைந்து கடந்தது இன்றும் நினைவிருக்கிறது.

அறுவை சிகிச்சை முதுகில் ஊசி போட்டுத்தான் நடந்தது. வலி துளியும் தெரியவில்லை, சுத்தியலால் தட்டும் ஓசை மட்டும் திரைக்கு அப்பால் கேட்டது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வெட்டிய இடம் வலித்தது. ஆனால் மூன்றாண்டுகளாக உடனிருந்த அந்தக் குடைச்சல் இல்லை. அதன்பின் வந்த வாரங்களே கடினமானவை. தாழ்வான இருக்கை கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது. வீட்டில் இருந்த இந்தியக் கழிப்பறையை முன்கூட்டியே மாற்றியிருந்தோம். இளவயதினருக்கு இந்தப் பட்டியலைவிடப் பெரிய சோதனை, எதுவும் நடக்காதது போல ஓடத் தோன்றும் மனத்தை அடக்குவதுதான்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவதை நான் இன்றும் தவிர்க்கிறேன். பந்தியில் எல்லோரும் இலை முன் அமரும்போது நாற்காலி கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. என் பாட்டிக்கு வயதில் மூத்த ஓர் அம்மா தமது நாற்காலியை நகர்த்தி, "வாம்மா, இங்க உக்காரு" என்றதிலிருந்து அந்தக் கூச்சம் போய்விட்டது.

சென்ற மாதம் பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். ஒரு சுற்று முடிந்ததும் நந்தியின் பக்கம் திரும்பிய மகள் என் கையைப் பிடித்து, "இங்க உக்காந்துக்கிறியாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளோடு இரண்டாவது சுற்று நடந்தேன்.