கோடு விழுந்த துணி

துணியில் அச்சிடுவதற்கான பூவேலை வடிவங்களை வரைவது என் தொழில். ஒரு சிறு கட்டத்துக்குள் வரைந்த பூக்களே திரும்பத் திரும்ப வந்து துணி முழுவதையும் நிரப்பும் என்பதால், ஒரு பூவுக்கு நேர் மேலே அதே சாயலில் இன்னொன்று அமைந்துவிட்டால், விரித்துப் போட்ட துணியில் நெடுகக் கோடு விழுந்ததுபோல் தெரியும். அப்படிக் கோடு விழுந்த வடிவம் ஒன்றோடு நான்கு நாள்கள் கணினித் திரையின் முன் மல்லுக்கட்டிய பிறகு, ஐந்தாம் நாள் காலை, கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டு, மரங்களுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடக்கப் போனேன்.

பாதையோரம் முழங்கால் உயரத்தில் நின்ற ஒரு செடியை மேலிருந்து குனிந்து பார்த்தேன். தண்டைச் சுற்றி ஏறிய இலைகளில் எதுவும் தனக்குக் கீழே இருந்ததை முழுவதுமாக மறைக்கவில்லை. அடியிலைக்கும் ஒரு கீற்று வெயில் கிடைத்தது. பல செடிகளில் ஒவ்வொரு புது இலையும் முந்தைய இலையிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை விலகி முளைக்கிறது என்பதை என்றோ படித்திருக்கிறேன். அந்த எண்ணுக்கும் என் துணிக்கும் உறவு உண்டு என்பது அங்கே குனிந்து நின்றபோதுதான் உறைத்தது. திரும்பி வந்து, ஒவ்வொரு பூவையும் அந்தக் கோணத்தில் திருப்பி, இடத்தையும் சற்றே நகர்த்தி வைத்ததும், கண்ணை உறுத்திய கோடு மறைந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடுதலாகத் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. அப்படியானால் மரமும் செடியும் எதற்கு என்று கேட்கலாம். நடை மனத்தைத் தளர்த்துகிறது. ஆனால் தளர்ந்த மனம் பற்றிக்கொள்ள எதிரே ஏதாவது இருக்க வேண்டும், வெற்றுச் சுவர் எனக்கு அந்த இலையடுக்கைக் காட்டியிருக்காது என்றே நம்புகிறேன். ஒரே விடை கொண்ட கேள்விகளில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள் என்று அதே ஆய்வு சொல்வதும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: அந்த வடிவத்துக்கான வண்ணங்களை முடிவு செய்ய மேலும் மூன்று நாள்கள் மேசையில்தான் உட்கார வேண்டியிருந்தது. நடையில் கிடைத்த யோசனை வேலையாக முடிய நாளாகும் என்பதற்கு இன்னொரு சான்று: சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் நடந்துவிட்டு வந்தபோது தம் நாயின் உரோமத்தில் ஒட்டிய முள்விதைகளைக் கண்டதிலிருந்து, அவற்றைப் பார்த்து உருவாக்கிய வெல்க்ரோ என்னும் ஒட்டிப் பிரிக்கும் பட்டைக்குக் காப்புரிமை பெறுவதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இப்போதெல்லாம் கிளம்புமுன், வேலை எங்கே சிக்கி நிற்கிறது என்பதைச் சிறு சீட்டில் ஒரு வரியாக எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறேன். பல நாள்கள் அந்த வரிக்குக் கீழே எதுவும் எழுதப்படாமலே சீட்டு வீடு திரும்புகிறது.